மலைக்கள்ளன் பிறந்த மண்ணில்



நாமக்கல்லில் நின்றுகொண்டு குற்றக்கதையைப் பற்றிப் பேச வருகிறவன் முதலில் சொல்லவேண்டிய பெயர் வெ. இராமலிங்கம் பிள்ளை. நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்தவர். மோகனூரில் காவல்துறையில் வேலை பார்த்த வெங்கடராம பிள்ளைக்கு ஏழு பெண்களுக்குப் பிறகு எட்டாவதாகப் பிறந்த ஒரே மகன். பிறந்தது 1888 அக்டோபர் 19. ஓவியர், காங்கிரஸ் தொண்டர், 1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனவர்களின் வாயில் நடைக்கு நடை ஒலித்த பாட்டை எழுதியவர். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார், 1971இல் பத்மபூஷண் பெற்றார். சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் இன்று அவர் பெயரில் நிற்கிறது.

இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அவர் மலைக்கள்ளன் என்று ஒரு நாவல் எழுதினார் என்பதை மட்டும் ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தேசபக்தக் கவிஞர் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்த காரியம் என்கிற மாதிரி. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அந்த நாவலுக்காகவே அவரைத் தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டும் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன். நானும் சிரிப்பும் குற்றமும் கலந்த கதைகளை எழுதிப் பிழைக்கிறவன். அந்த வகை எழுத்தில் அறம் பேச இடம் உண்டா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் காட்டுகிற முதல் சாட்சி மோகனூர்க்காரர்தான்.

யோசித்துப் பாருங்கள். காவல்துறைக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் பேச்செல்லாம் யார் பிடிபட்டான், யார் தப்பினான் என்றுதான் இருந்திருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து, 1932இல், சட்டத்தை மீறிய குற்றத்துக்காக ஓராண்டு சிறையில் இருக்கிறார். அவர் செய்தது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. செய்யாமல் இருந்திருந்தால்தான் குற்றம் என்று அவர் மனம் சொல்கிறது. காந்தியின் வழியில் போன ஆயிரக்கணக்கானவர்கள் அன்றைக்கு நின்ற இடம் அது. சிறைக்கதவின் இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒருவருக்குக் கள்ளனைப் பற்றிய கதை வெறும் சாகசமாக இருக்க முடியாது.

கதை உங்களில் பலருக்குத் தெரியும், நாவலாக இல்லாவிட்டாலும் படமாக. ஊரைக் கலக்கும் ஒரு மலைக்கள்ளன். இன்னொரு பக்கம் அப்துல் ரஹீம் என்கிற செல்வந்தர், கண்ணியமான மனிதர். பூங்கோதை என்கிற பெண் கடத்தப்படுகிறாள், மலைக்கள்ளன் அவளைக் காப்பாற்றுகிறான். கள்ளனைத் தேடும் போலீஸ், கள்ளனின் பெயரைப் பயன்படுத்தித் தங்கள் கொள்ளையை மறைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள், கடைசியில் கள்ளனும் ரஹீமும் ஒருவரே என்று அவிழும் முடிச்சு. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இதைப் படமாக்கினார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வசனம் மு. கருணாநிதி. காங்கிரஸ்காரரின் நாவலுக்குத் திராவிட இயக்கத்து எழுத்தாளர் வசனம் எழுதினார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கவேண்டும். அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் ஒரு கள்ளனின் நியாயத்தில் கைகோத்தார்கள். 1954இல் படம் வந்தது, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் என்று இன்னும் ஐந்து மொழிகளுக்குப் போனது. இந்தியில் திலீப்குமார் நடித்த ஆசாத் நம் மோகனூர்க்காரரின் கதைதான்.

படம் வந்தபோது பிரிவினை நடந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த நேரத்தில் கதாநாயகன் போட்டுக்கொள்ளும் வேடம் ஒரு முஸ்லிம் பெரியவருடையது. ஊரே மதிக்கிற வேடம். அப்துல் ரஹீமைக் கேலிப் பாத்திரமாகக் கவிஞர் படைக்கவில்லை. வேடம் கலையும்போதும் அந்தப் பெயருக்கு இருந்த மரியாதை கலையவில்லை. ஒற்றுமையைப் பற்றி அவர் எழுதிய எத்தனையோ பாட்டுகளைவிட இந்த ஒரு வேடம் ஜனங்களிடம் ஆழமாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். கொட்டகையில் விசிலடித்தபடி அதை ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, இந்தக் கதை ஏன் இந்த மண்ணில் முளைத்தது?

இங்கிருந்து வடமேற்கே சங்ககிரிக் கோட்டை. 1805இல் தீரன் சின்னமலையை அங்கேதான் தூக்கில் போட்டார்கள். அவரைப் பற்றிக் கொங்கு நாட்டில் வழங்கும் கதை உங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இங்கே வசூலித்த வரிப்பணத்தை மைசூருக்குக் கொண்டுபோன ஆட்களை வழிமறித்து, அதைப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார், யார் பிடுங்கியது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை என்று சொல் என்றார் என்பது கதை. வரலாற்றாசிரியர்கள் இதை எப்படி எடைபோட்டாலும் ஜனங்கள் இதைத்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். வரிகொண்டு போகிறவனின் கணக்கில் அது வழிப்பறி. வரி கட்டியவனின் கணக்கில் பறிபோனது திரும்பி வந்தது. மலைக்கள்ளனுக்கு முன்னோடி தேடி இங்கிலாந்தின் ராபின் ஹுட் வரைக்கும் போகிறவர்கள் நடுவில் சங்ககிரியில் இறங்கிப் பார்க்கலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது கசப்பானது. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தை, 1911இல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே அவன் திருடன் என்று எழுதி வைத்த சட்டம். கைரேகை கொடுக்கவேண்டும், ஸ்டேஷனில் ஆஜர் சொல்லவேண்டும், ஊரைவிட்டு ஊர் போனால் தகவல் சொல்லவேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஆளானவர்களைக் கொண்ட சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள், சேலம் உப்புக் கொரவர், சேலம் மேல்நாட்டுக் கொரவர் என்று நம் பழைய மாவட்டத்தின் பெயரோடேயே இருக்கும். உப்பு மூட்டையும் தானியமும் சுமந்து ஊர் ஊராக வணிகம் செய்தவர்கள், ரயிலும் சாலையும் வந்து அந்தப் பிழைப்பு போனபிறகு, கள்ளர் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். அதே உப்புக்காகத்தான் கவிஞர் பாட்டெழுதினார். சட்டப் புத்தகமே ஒரு கூட்டத்தாரைப் பிறவிக் கள்ளர் என்று சொன்ன காலத்தில், கள்ளன் ஒருவனை ஊரிலேயே நல்லவனாக நிறுத்தி நாவல் எழுதுவது சின்னக் காரியம் கிடையாது.

ஆனால் இந்த இடத்தில் எனக்கு அந்த நாவலோடு ஒரு சண்டை உண்டு. மலைக்கள்ளன் கடைசியில் யார்? பூங்கோதையின் காணாமல்போன முறைப்பையன் குமாரவீரன். நல்ல குடும்பத்துப் பிள்ளை, சொத்துக்கு உரியவன். அவன் நல்லவனாக இருந்ததற்கு அவனுடைய பிறப்பு காரணம் என்று ஒரு வாசகர் முடிவுகட்டிவிட அங்கே வாசல் திறந்து கிடக்கிறது. அவன் உண்மையிலேயே ஒரு கொரவர் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால்? ஸ்டேஷனில் கைரேகை கொடுத்துவிட்டு வந்து பூங்கோதையைக் காப்பாற்றியிருந்தால்? அந்த நாவலை யாரும் எழுதவில்லை. கவிஞர் அந்த வாசல் வரைக்கும் நம்மைக் கூட்டிவந்துவிட்டு, உள்ளே போகாமல், கல்யாணப் பந்தலுக்குத் திரும்பிவிட்டார். அவர்மேல் எனக்குள்ள பக்திக்கு இதனால் குறைவில்லை. மிச்சம் வைத்த வேலை நமக்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதே சமவெளியில் இன்னொருவர் இருந்தார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம், அங்கே 1925இல் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம். அங்கே 1929இல் ராஜாஜியை ஆசிரியராகக் கொண்டு விமோசனம் என்று ஒரு மாதப் பத்திரிகை வந்தது. மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே நடந்த பத்திரிகை. அதில் உதவியாசிரியராக இருந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி, நம் கல்கி. மதுவுக்கு எதிராகப் பத்திரிகை நடத்துகிறோமே, பக்கம் பக்கமாக உபதேசம் செய்தால் கள்ளுக்கடையிலிருந்து எழுந்து வந்து யார் படிப்பார்கள் என்கிற கேள்வி அவர்களுக்கு முதல் நாளிலேயே வந்திருக்கும். கதையும் படமும் கேலியும் போட்டார்கள். ஏற்கெனவே ஆனந்த விகடனில் நகைச்சுவை எழுதிப் பெயர் வாங்கிய கை அது. பத்து இதழ்களோடு விமோசனம் நின்றது. ஆனால் 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி முதல்வராக இருந்தபோது, நாட்டிலேயே முதலில் மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் சேலம் மாவட்டம்தான்.

அதே 1937இல்தான் கல்கி, விகடனில், கள்வனின் காதலி எழுதினார். அதுவும் ஒரு திருடனின் கதை! முத்தையன் ஒரு மடத்தில் கணக்குவழக்குப் பார்க்கப் போகிறான். மடத்துக் காரியஸ்தனின் கண் இவன் தங்கை அபிராமியின்மேல் விழுகிறது. முத்தையன் அவனை அடித்து நொறுக்குகிறான். திருட்டுக் குற்றம் சாட்டி அவனை உள்ளே தள்ளுகிறார்கள். தப்பி ஓடுகிறான், கொள்ளிடத்துப் படுகையில் ஒளிகிறான், செய்யாத திருட்டுக்குப் பெயர் வாங்கியவன் செய்யத் தொடங்குகிறான். அவனைத் தேடும் போலீஸ் அதிகாரி சர்வோத்தம சாஸ்திரி. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள்தான் முத்தையனின் தங்கைக்கு ஆதரவாக நிற்கிறாள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு வலை, தங்கைக்கு அடைக்கலம்.

இரண்டு நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு பேரும் ராஜாஜிக்கு வேண்டியவர்கள், இரண்டு பேரும் காந்தி பக்தர்கள், இரண்டு நாவலும் படமானபோது இரண்டிலும் பானுமதிதான் கதாநாயகி. ஆனால் கல்கி கள்ளனுக்குத் தப்பும் வழி வைக்கவில்லை. முத்தையன் பிழைப்பதில்லை. அவனை அந்த இடத்துக்குத் தள்ளியவர்களின் குற்றத்தையும் அவர் மன்னிக்கவில்லை, அவன் எடுத்த வழியின் விலையையும் குறைக்கவில்லை. படிக்கிறவர் நெஞ்சில் இரண்டும் சேர்ந்து அழுத்தும். ஒரு குற்றக்கதை அறம் பேசுவதென்றால் எனக்கு அதுதான் அளவு.

அப்படிப் படித்தவர் என் அத்தை. அவர் வீடு ராசிபுரத்தில். அத்தை, வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின் கழற்றிப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை வெட்டி மேலே ஒட்டி வைப்பார். அப்படித் தைத்த புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலது பக்கத்தில் கதை ஓடிக்கொண்டிருக்கும், அதன் முதுகில் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும், பாதிப் பக்கத்தில் மாமியார் மருமகள் துணுக்கு இருக்கும், ஓரத்தில் படம் வரைந்தவரின் கையெழுத்து தையலுக்குள் பாதி மறைந்திருக்கும். கத்தி ஓங்கிய இடத்தில் தொடரும் என்று போட்டிருக்கும். அங்கே பக்கம் புரட்டினால் அடுத்த வாரம். ஆனால் தொடராக வந்தபோது படித்தவர்களுக்கு நடுவே ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் திண்ணையில் விசாரணை நடக்கும். கள்வனின் காதலி மறுபடி ஒருமுறை அத்தையின் தெருவில் கைமாறியபோது நடந்த பேச்சு இது.

“ஏனுங்கக்கா, முத்தையன் திருடுனது தப்புங்களா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

“தப்புதான் கண்ணு. ஆனா அவன அந்த எடத்துக்குத் தள்ளுனவன் மடத்துல உக்காந்து சோறு திங்கறானே, அவன யாரு கேக்கறது?”

அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நீதி என்ன, சட்டம் என்ன என்று தனியாக யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை. தொடரும் என்று போட்ட இடத்தில் அவர் நீதிபதியாக உட்கார்ந்தார். இன்றைக்கு இரவு முழுக்க உட்கார்ந்து பத்துப் பகுதி வெப் சீரிஸ் பார்த்து முடிக்கிறோமே, அதில் எனக்குள்ள ஒரே குறை இதுதான். விசாரணைக்கு நேரம் கொடுக்காமல் அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது.

சிரிப்புக்கு வருகிறேன். குற்றமும் சிரிப்பும் சேர்ந்தால் மலிவாகிவிடும் என்று பேராசிரியர்கள் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் நம் ஊர்க் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்தில் கோமாளி வருவான். ராஜா வேடம் கட்டியவர் முறுக்கிக்கொண்டு நிற்கும்போது, கோமாளி பக்கத்தில் வந்து, இந்த வருஷம் ஏரி ஏலத்தில் யார் எவ்வளவு தின்றார்கள் என்று ராஜாவிடம் முறையிடுவான். முன்வரிசை நாற்காலியில் அந்த ஏலக்காரரே இருப்பார். ஊரே சிரிக்கும், அவரும் சிரித்தாக வேண்டும். அதே விஷயத்தைப் பஞ்சாயத்தில் எழுந்து சொல்லியிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். கோமாளி எப்போதும் தனக்கு மேலே இருப்பவனைப் பார்த்துத்தான் சிரிக்க வைக்கிறான். இந்தத் திசை மாறினால் கூத்து கெட்டுப்போகும், கதையும் கெட்டுப்போகும்.

இந்தத் திசையைச் சரியாகப் பிடித்தவர் தேவன். திருவிடைமருதூர்க்காரர், 1913இல் பிறந்து 1957இல், நாற்பத்து மூன்று வயதிலேயே போய்விட்டார். விகடனில் நிர்வாக ஆசிரியர். துப்பறியும் சாம்புவை நினைத்துப் பாருங்கள். முட்டாள் என்று எல்லோரும் ஏசும் ஒரு பாங்குக் குமாஸ்தா. எதையாவது தடுமாறிச் செய்வார், அது குற்றவாளியின் தலையில் போய் விடியும், இன்ஸ்பெக்டர் கோபாலன் இதையெல்லாம் மகா மூளை என்று நம்புவார். முதலில் ராஜுவும் பிறகு படக்கதையாகக் கோபுலுவும் சாம்புவுக்கு முகம் கொடுத்தார்கள். பிறகு தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி அந்த முகத்தை எடுத்துக்கொண்டார். சாம்புவைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் என்றுதான் முதலில் தோன்றும். நாலைந்து கதை படித்தபிறகு நாம் சிரிப்பது, நகை காணாமல் போனதும் வேலைக்காரனைச் சந்தேகிக்கும் பெரிய வீடுகளைப் பார்த்து, பட்டமும் பகட்டும் கண்டு மயங்கும் ஊரைப் பார்த்து என்று புரியும். சாம்புவிடம் கபடம் இல்லை. அந்தக் கதைகளில் கபடம் இல்லாத ஒரே ஆள் அவர்தான் என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

ஆனால் தேவனின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது வேறொன்று. ஸ்ரீமான் சுதர்சனம். ஒரு ஆபீஸ் குமாஸ்தா, சம்பளம் போதவில்லை, கணக்கில் கைவைக்கிறான். அவ்வளவுதான் குற்றம். கொலை கிடையாது, கத்தி கிடையாது. நம் வீட்டில், நம் பக்கத்து வீட்டில் இருக்கிற ஆள். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, மேலதிகாரி கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னால் அவன் வயிற்றில் ஓடுகிற பயம் நம் வயிற்றிலும் ஓடும். மலைக்கள்ளனில் பிறப்பு வந்து கதாநாயகனைக் காப்பாற்றியது என்று சண்டை பிடித்தேன். சுதர்சனத்துக்கு அப்படி ஒரு கேடயமும் இல்லை. மனச்சாட்சி ஒரு மனிதனை எப்படித் துரத்தும் என்பதை இவ்வளவு லேசான நடையில் தமிழில் வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளில் கொடுக்கவேண்டிய புத்தகம்.

நம் சேலத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம், ஏற்காடு அடிவாரத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1950இல் திகம்பர சாமியாரைப் படமாக எடுத்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். வில்லனாகவே நாம் அறிந்த எம்.என். நம்பியார் அதில் கதாநாயகன், வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் குற்றவாளிகளைத் துரத்துகிறார். அறுபதுகளில் அதே நிறுவனம் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. இன்று அதன் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. இதே சேலத்தில் 1958இல் பிறந்தவர் இந்திரா சௌந்தர்ராஜன். மதுரைக்குப் போய் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டாலும் பிறப்பு இங்கேதான். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது என் தலைமுறைக்காரர்கள் பலருக்கு வீட்டில் ஒருவர் போனது போல இருந்தது. மர்மதேசம் தொடரில் விடாது கருப்பு வந்த காலத்தில் அந்த நேரத்துக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. தப்பு செய்தால் கருப்பு சாமி தண்டிக்கும் என்று ஊர் நம்புகிறது. ஆனால் விடையை அவர் மனித மனத்துக்குள்தான் கொண்டுபோய் வைத்தார். நம்பிக்கையைக் கேலி செய்யவும் இல்லை, அதைச் சொல்லி ஏமாற்றவும் இல்லை.

ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய நாவல்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசவேண்டும். லாரி டிரைவர்களும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகும் திருச்செங்கோட்டுக்காரர்களும் வண்டியில் வைத்துப் படித்தது அவற்றைத்தான். தமிழில் வாசிப்பு செத்துவிடாமல் அன்றாடம் சோறு போட்டவர்கள் அவர்கள், அவர்களைக் குறைத்துப் பேசும் மேடையில் நான் ஏறமாட்டேன்.

என் கவலை இன்று எழுதப்படுகிறவற்றைப் பற்றியது, அதில் என் சகாக்களும் உண்டு. முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது. எப்படிக் கிடந்தது என்று மூன்று பக்கம் வர்ணிக்கிறார்கள். அவள் யார், என்ன வேலை பார்த்தாள், அவளுக்காக அழ யார் இருந்தார்கள் என்று மூன்று வரி கிடையாது. கடைசியில் கொலைகாரன் அகப்படுகிறான், அதுதான் நீதி என்று புத்தகம் முடிகிறது. சிரிப்பு என்று வருவது கான்ஸ்டபிளின் தொந்தியைப் பற்றி, வேலைக்காரியின் பேச்சைப் பற்றி, வடக்கேயிருந்து வந்த கூலித் தொழிலாளியின் தமிழைப் பற்றி. கோமாளி பார்த்த திசைக்கு நேர் எதிர்த் திசை. இளம் எழுத்தாளர்கள் கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொடுத்தால் நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். செத்தவருக்கு உன் கதையில் எத்தனை வரி? சிரிப்பு யாரைக் குத்துகிறது? துப்பு, முடிச்சு, திருப்பம் இதெல்லாம் பழகினால் வந்துவிடும்.

எழுத விஷயம் இல்லையென்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2012 உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். பெருந்துறையில் தொடங்கி நம் பக்கமெல்லாம் பரவிய ஈமு கோழி. பணம் கட்டினால் குஞ்சு தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், தீவனம் தருவார்கள், மாதாமாதம் பணம் வரும், பறவையையும் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நடிகர்கள் வந்து தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் ஆஸ்திரேலியாப் பறவை ஆளுயரத்துக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர்க்காரர்கள், முட்டைக் கணக்கில் ஒரு பைசா விடாதவர்கள், இந்தக் கணக்கை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் பணம் நின்றது, தீவனம் நின்றது, கம்பெனிக்காரர்களைக் காணோம். பசியில் கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போடவேண்டி வந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு ஆபீஸ் முன்னால் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதில் சிரிப்பு இருக்கிறது, குற்றம் இருக்கிறது, அறக்கேள்வி கொட்டிக் கிடக்கிறது. சதுரங்க வேட்டை என்று 2014இல் எச். வினோத் ஒரு படம் எடுத்தார், மண்ணுளிப் பாம்பும் இரிடியமும் விற்கும் ஏமாற்றுக்காரனை வைத்து. ஆசை இல்லாதவனை ஏமாற்ற முடியாது என்பதை அந்தப் படம் நன்றாகப் பிடித்தது. ஆனால் ஈமுவுக்கு ஒரு நாவல் வேண்டும், முந்நூறு பக்கம், நிதானமாக. அதை எழுதுகிறவர் கம்பெனி முதலாளியிலிருந்து தொடங்கவேண்டாம் என்பேன். அவனைப் பற்றி நாளிதழ்களிலேயே எல்லாம் வந்துவிட்டது. ஊருக்குள் கமிஷனுக்கு ஆள் சேர்த்துவிட்ட ஏஜென்டுகள் இருந்தார்களே, அவர்களிலிருந்து தொடங்குங்கள். அவர் யாருக்கோ மாமா, யாருக்கோ சித்தப்பா. முதலில் தன் பணத்தைக் கட்டினார், மூன்று மாதம் பணம் ஒழுங்காக வந்தது, அதை நம்பித் தங்கச்சியைக் கட்டச் சொன்னார், தங்கச்சி தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினாள். கமிஷன் வாங்கினார், அது உண்மை. தன் நிலத்தையும் இழந்தார், அதுவும் உண்மை. அடுத்த நோம்பிக்கு அவர் தங்கச்சி வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். போலீஸ் அவர்மேல் வழக்குப் போட்டதா இல்லையா என்பது சட்டத்தின் விஷயம். தங்கச்சி கதவைத் திறந்து, “வாங்க அண்ணா” என்று சொல்கிறாளா, சொன்னால் அதற்குப் பிறகு இலை போட்டு உட்காரவைத்து என்ன பேசுகிறாள், அவர் என்ன பதில் சொல்கிறார், கொட்டகையில் இன்னும் விற்காமல் நிற்கிற அந்த ஒற்றைப் பறவையைப் பார்த்துக் குழந்தைகள் என்ன கேட்கிறார்கள் என்பதை எழுத, இந்த அரங்கில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவரால் முடியும். எழுதிக் கொண்டுவாருங்கள், நான் படிக்கிறேன்.